உயிலுக்கு முன் ஒரு பழைய பாகப் பத்திரம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வயது 66. தேங்காய் வியாபாரம். 14 சென்ட் இடமும் வீடும் 1998-இல் என் பெயரில் கிரயம் வாங்கினேன். பொள்ளாச்சி தாலுகாவில் 3 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அது அப்பா 1971-இல் சொந்த சம்பாத்தியத்தில் வாங்கிய 6 ஏக்கரில் என் பாகம். அப்பா 1994-இல் காலமானார், உயில் எழுதவில்லை. 1996-இல் அண்ணனும் நானும் பாகப் பத்திரம் பதிவு செய்துகொண்டோம். எனக்கு மனைவி, ஒரு மகள் (உடுமலைப்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்), வெளிநாட்டில் வேலை செய்யும் இளைய மகன் இருக்கிறார்கள். மூத்த மகன் நான்கு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் இறந்துவிட்டான். மருமகளும் ஒன்பது வயதுப் பேரனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். 89 வயது அம்மாவும் எங்களோடுதான். தங்கை கோவையில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் உயில் எழுதாமல் இறந்ததால் அண்ணி அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைப் பார்த்து உயில் எழுத முடிவு செய்தேன். உயிலை முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும், கேரளத்து வீட்டுக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும், இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு உயில் வேண்டும் என்கிறார் ஆதாரம் (பத்திரம்) எழுதுபவர். எனக்கும் என் மனைவிக்கும் மலையாளம் பேச வருமே தவிரப் படிக்க வராது. வங்கி டெபாசிட்டுக்கு மனைவியை நாமினியாகப் போட்டிருக்கிறேன். எனக்குப் பிறகு மருமகளையும் பேரனையும் யாரும் வீட்டை விட்டு இறக்கிவிடக் கூடாது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, மகனை இழந்த துயரத்துக்கு நடுவிலும் மருமகளையும் பேரனையும் நினைத்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"அண்ணனும் நானும் பாகப் பத்திரம் பதிவு செய்துகொண்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா சொந்தமாக வாங்கிய நிலத்தை உயில் எழுதாமல் விட்டுக் காலமானபோது, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8-இன்படி அந்த 6 ஏக்கரும் அவருடைய முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரிசுகள் அண்ணனும் நீங்களும் மட்டுமல்லர். உங்கள் அம்மாவும் தங்கையும் சேர்த்து நான்கு பேர். ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். தங்கைக்குத் திருமணமாகிவிட்டதா, சீர் செய்து அனுப்பினீர்களா என்பதெல்லாம் இந்தப் பங்கை மாற்றாது. 2005-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் பெண்களுக்குச் சொத்து என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் பிறப்பால் உரிமை வருகிற பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு 1956 முதலே உண்டு.

ஆகவே முதலில் 1996-ஆம் ஆண்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக அதிலோ தனியான விடுதலைப் பத்திரத்திலோ எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கவலை இல்லை. இல்லையென்றால், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், கிஸ்தியை நீங்களே கட்டிவந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்த 6 ஏக்கரில் உங்களுக்கு உள்ளது நான்கில் ஒரு பங்குதான். தன்னுடையது எதுவோ அதைத்தான் ஒருவர் உயிலில் எழுத முடியும். 3 ஏக்கர் என்று எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்து, பதிவும் செய்துவிட்டாலும், மற்றவர்களின் ஒன்றரை ஏக்கர் உங்கள் பிள்ளைகளுக்குப் போய்விடாது. இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டதே என்ற தைரியமும் வேண்டாம். கூட்டு உரிமையாளர் ஒருவர் நிலத்தை ஆண்டு அனுபவித்து வருவதால் மட்டும் மற்றவர்களின் உரிமை அழிந்துவிடாது.

என் தொழிலில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பிரிக்கப்பட்டபோது, அண்ணன் தம்பிகள் மட்டும் உட்கார்ந்து பேசி, அளந்து, கல் நட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். சகோதரிகள் விருந்துக்கு வந்தார்களே தவிரக் கையெழுத்துக்கு அழைக்கப்படவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்திரத்தின் மேல் எழுதும் ஒவ்வொரு உயிலும் அந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் இருக்கும்.

இதற்கு வழி உண்டு. அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். அம்மாவின் பங்கும் தங்கையின் பங்கும் உங்கள் 3 ஏக்கரில் மட்டுமல்லாமல், அண்ணன் குடும்பத்தின் 3 ஏக்கரிலும் கலந்து கிடக்கின்றன. அண்ணனும் உயில் எழுதாமல் இறந்ததால், அவருடைய மனைவி மக்களோடு அம்மாவும் அவருக்கு முதல் வகுப்பு வாரிசு. அண்ணி அலைய நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அதனால் அம்மா, தங்கை, நீங்கள், அண்ணியும் அவர் பிள்ளைகளும் சேர்ந்து புதிதாக ஒரு பாகப் பத்திரமோ, விட்டுக்கொடுப்பவர்களிடமிருந்து விடுதலைப் பத்திரமோ எழுதி, நிலம் இருக்கும் இடத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அண்ணனின் பிள்ளைகளில் மைனர் யாராவது இருந்தால் அதை முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். தங்கை "எனக்கு என் பங்கு வேண்டும்" என்றால் அதைக் கொடுத்துவிடுவதே முறை என்பது என் கருத்து. அது அவருடையது, நீங்கள் அவருக்குத் தரும் சலுகை அல்ல. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

89 வயதில் அம்மாவைக் கோபாலபுரம் சோதனைச் சாவடி தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் அழைத்துப் போக முடியாத நிலை இருக்கலாம். அதற்கும் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அம்மா வசிக்கும் எல்லைக்குட்பட்ட கேரளச் சார்பதிவாளர் முன்னிலையில், இந்த ஒரு பத்திரத்துக்காக மட்டும் சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதி அவரிடமே அத்தாட்சி பெற்றால், அதைக் கொண்டு அம்மாவின் சார்பில் இன்னொருவர் தமிழ்நாட்டில் பத்திரத்தைப் பதியலாம். உடல் முடியாதவர்களுக்கு அலுவலகத்துக்கு வருவதிலிருந்தே விலக்கு உண்டு; அவர்களுடைய வீட்டுக்கு வந்து பதிவதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

இனி வீட்டைப் பார்ப்போம். 1998-இல் உங்கள் பணத்தில், உங்கள் பெயரில் வாங்கிய அது முழுக்க உங்கள் தனிச் சொத்து, விரும்பியபடி எழுதலாம். ஒருவேளை எழுதாமலே விட்டால் அது எப்படிப் பிரியும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவிக்கு ஒரு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு, மகளுக்கு ஒன்று, இளைய மகனுக்கு ஒன்று, இறந்த மூத்த மகனின் கிளைக்கு ஒன்று என ஐந்து சம பங்குகள். அந்தக் கடைசிப் பங்கை மருமகளும் பேரனும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 14 சென்டில் மருமகளுக்கு 1.4 சென்ட், பேரனுக்கு 1.4 சென்ட். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுகள் பாகம் கேட்க முடியாது என்று தடுத்து வைத்திருந்த பிரிவும் 2005-இல் நீக்கப்பட்டது. இப்போது பங்குதாரர் யாராக இருந்தாலும் பாகப்பிரிவினை கேட்கலாம்.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இந்தக் கணக்கில் அம்மாவின் பங்குதான். மரணம் வயது வரிசைப்படி வருவதில்லை என்பதை உங்கள் வீடு பட்டறிந்திருக்கிறது. அம்மாவுக்கு முன் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு அம்மாவுக்குப் போகும். அம்மாவின் காலத்துக்குப் பின் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளான உங்கள் தங்கைக்கும், அண்ணன் பிள்ளைகளுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் எனச் சிதறும். நீங்கள் வாங்கிய வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ உங்கள் மனைவி அத்தனை பேரிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கும். இவர்களில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலே போதும், காரியம் நின்றுவிடும்.

மருமகளுக்கு எதை எப்படி எழுதுவது என்பதுதான் உங்கள் கடிதத்தின் உயிர்நாடி. "காலம் உள்ளவரை வீட்டில் குடியிருந்துகொள்ளலாம்" என்று எழுதினால் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. வெறும் குடியிருப்பு உரிமை பெற்றவர், வீட்டின் உடைமையாளர்களின் மனநிலையை நம்பித்தான் வாழ வேண்டும். கூரை ஒழுகினால் யார் மாற்றுவது, மின் இணைப்பு யார் பெயரில் என்பதிலெல்லாம் தகராறு முளைக்கும். தட்டிக் கேட்க அவர்தான் வழக்குத் தொடர வேண்டும். வீட்டின் ஒரு குறிப்பிட்ட பங்கை மருமகளுக்கும் பேரனுக்கும் நேரடியான முழு உரிமையாக எழுதுங்கள். அதிலும் ஒரு யோசனை சொல்கிறேன். மைனரின் அசையாச் சொத்தை விற்க வேண்டுமானால், தாயே காப்பாளராக இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவை. இது 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. ஆகவே பையனுக்கு 18 வயது ஆகும்வரை கைமாறாமல் இருக்க வேண்டிய பகுதியைப் பேரன் பெயரிலும், அவசரத்துக்கு எடுத்தாள வேண்டிய டெபாசிட் போன்றவற்றை மருமகள் பெயரிலும் எழுதினால் இரண்டு நோக்கமும் நிறைவேறும். பேரனுக்கு வேறொருவரைக் காப்பாளராக உயிலில் நியமிக்கத் தாத்தாவுக்கு அதிகாரம் இல்லை. தாயே இயற்கைக் காப்பாளர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுபோன்ற உயில்களில் "மருமகள் மறுமணம் செய்துகொண்டால் இந்த உரிமை அற்றுப்போகும்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். மறுமணம் செய்த விதவை மருமகளின் வாரிசு உரிமையைத் தடுத்த 24-ஆவது பிரிவைச் சட்டமே 2005-இல் எடுத்துவிட்டது. சட்டம் விட்டொழித்த ஒன்றை உங்கள் கையால் மறுபடியும் எழுத வேண்டாம். சிறு வயதில் கணவனை இழந்து, உங்கள் வீட்டிலேயே தங்கி, உங்கள் பேரனை வளர்த்துக்கொண்டிருக்கும் பெண் அவர். அவர் வாழ்க்கை எந்தத் திசையில் போனாலும் பாதுகாப்பு அவரோடு போகட்டும்.

மனைவிக்கு எழுதும்போது ஒரு பெரிய பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். "என் மனைவி சர்வ சுதந்திரமாக, தானாதி விநியோக விற்கிரய உரிமைகளோடு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அவர் காலத்துக்குப் பின் என் மகன் அடைய வேண்டியது" என்று ஒரே மூச்சில் எழுதப்பட்ட உயில்களை நான் பார்த்திருக்கிறேன். விற்கிற உரிமையோடு கொடுத்துவிட்டு, மிச்சம் இன்னொருவருக்கு என்பது ஒன்றையொன்று மறுக்கும் வாசகம். ஆயுள் உரிமை என்றால் ஆயுள் உரிமை என்றே எழுத வேண்டும். முழு உரிமை என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஆயுள் உரிமையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது, ஆயுளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவால் முழு உரிமையாக மாறும் என்று துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் கொடை அப்படி மாறும், எது மாறாது என்று இன்றுவரை வழக்குகள் நடக்கின்றன. உங்கள் மனைவிக்கு நாளை ஒரு அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தால், விற்க முடியாத ஆயுள் உரிமை அவருக்கு உதவாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவருக்கு என்று ஒதுக்குவதை முழு உரிமையாகவே கொடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அப்படிக் கொடுத்தால் அவரும் அதே வாரத்தில் தன் உயிலை எழுதிவிட வேண்டும். ஏனென்றால் ஒரு இந்துப் பெண் உயில் இன்றி இறக்கும்போது முதல் வரிசையில் வருபவர்கள் கணவனும், பிள்ளைகளும், இறந்த பிள்ளைகளின் பிள்ளைகளும்தான். பேரன் அதில் வருவான், மருமகள் வரமாட்டார்.

அம்மாவுக்குப் பங்கு எழுத வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அவரை உயிலில் விட்டுவிடாதீர்கள். உங்களைச் சார்ந்து வாழ்ந்த தாய்க்கு உங்கள் சொத்தைப் பெறுபவர்களிடமிருந்து பராமரிப்புக் கேட்கும் உரிமையைச் சட்டம் வைத்திருக்கிறது. அவரை யார் எந்த வருமானத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இளைய மகனுக்கோ மகளுக்கோ குறைவாகக் கொடுத்தால் அதற்கான காரணத்தையும் கோபமில்லாத சொற்களில் எழுதுங்கள்: படிப்புக்குச் செலவழித்தது, திருமணத்தில் கொடுத்தது, அவருக்கென்று சொந்த வருமானம் இருப்பது போன்றவை. நெருங்கிய வாரிசைக் காரணமின்றி ஒதுக்கிய உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உயிலைச் சூழ்ந்த சந்தேகங்களைப் போக்கும் பொறுப்பு அந்த உயிலைக் கொண்டுவருபவருடையது என்பது வெங்கடாசல ஐயங்கார் வழக்கின் தீர்ப்பு முதல் நிலைத்திருக்கும் சட்டம். அந்தத் தீர்ப்பு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆதாரம் எழுதுபவர் சொன்ன மூன்றும் தவறு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. நீண்ட நாள் தாங்கும் நல்ல வெள்ளைத்தாள் போதும். நோட்டரி முத்திரையும் வேண்டியதில்லை. அது சாட்சிகளுக்கு மாற்றாகவும் ஆகாது. மொழியைப் பொறுத்தவரை, உங்களுக்குப் படிக்கத் தெரிந்த தமிழில் எழுதுவதுதான் சரி. தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒருவர் எழுதிவைத்த உயில், "என்ன எழுதியிருந்தது என்று அவருக்கே தெரியாது" என்ற வாதத்துக்குக் கதவைத் திறந்துவிடும். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழக்கிலிருக்கும் மொழி. பதிவு அலுவலருக்கு மொழி புரியாத நிலை வந்தால், சரியான மொழிபெயர்ப்பை இணைத்துத் தாக்கல் செய்யப் பதிவுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இடம் தருகிறது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்யும்போதும் இந்த மலையாள மொழிபெயர்ப்பு உதவும்.

இரண்டு மாநிலத்துக்கும் ஒரே உயில் போதும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றுதான். இரண்டு உயில் எழுதுவதில் உள்ள ஆபத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லா உயில்களிலும் "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன்" என்ற வரி அச்சடித்தது போல் இருக்கும். திங்கட்கிழமை பொள்ளாச்சித் தோப்புக்கு ஒரு உயிலும், புதன்கிழமை கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு ஒரு உயிலும் எழுதினால், புதன்கிழமை உயிலின் அந்த ஒரு வரி திங்கட்கிழமை உயிலை அழித்துவிடும்.

ஒரே உயிலில் இரு மாநிலச் சொத்தையும் எழுதும்போது அடையாளங்களைத்தான் கவனமாக எழுத வேண்டும். கேரளத்து வீட்டுக்கு ஆதாரம் எண்ணும் ஆண்டும், வில்லேஜ், சர்வே எண், ரீ-சர்வே நடந்திருந்தால் அந்த எண், தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்), பஞ்சாயத்துக் கட்டட எண் ஆகியவற்றை எழுதுங்கள். தோப்புக்குக் கிராமம், புல எண், உட்பிரிவு, பட்டா எண், பத்திர எண், மோட்டார் இணைப்பு, கிணற்றில் உள்ள பங்கு, வண்டிப்பாதை உரிமை எல்லாவற்றையும் எழுதுங்கள். கிணற்றையும் பாதையையும் விட்டுவிட்ட உயில்கள் அண்ணன் தம்பிகளை ஆண்டுக்கணக்கில் பேச்சு வார்த்தையில்லாமல் ஆக்கியிருக்கின்றன. பெயரும் அப்படியே. கேரளத்து ஆவணத்தில் வீட்டுப் பெயரோடும் பின்னால் இனிஷியலோடும், தமிழ்நாட்டுப் பத்திரத்தில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும், ஆதார் அட்டையில் வேறொரு எழுத்தமைப்பிலும் பெயர் இருப்பது நம் எல்லைக் குடும்பங்களில் வழக்கம். இந்த வடிவங்கள் அனைத்தும் ஒரே நபரைத்தான் குறிக்கின்றன என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்; வாரிசுகளின் பெயர்களுக்கும் அப்படியே செய்யுங்கள்.

உயிலைச் செல்லுபடியாக்குவது கையெழுத்தும் சாட்சியும்தான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63-இன்படி, நீங்கள் கையெழுத்திட வேண்டும் அல்லது கைரேகை வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கண் முன்னால் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். முழுவதையும் சொந்தக் கையால் எழுதினாலும் சாட்சிகள் இல்லாவிட்டால் செல்லாது. எழுதிக் கொடுத்தவர் "எழுதியவர்" என்று கீழே போடும் கையெழுத்தைச் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது என்று 2001-இல், கமலம் எதிர் அய்யாசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள் எடுக்கும் அக்கறைதான் பிற்காலத்தில் மருமகளைக் காப்பாற்றும். உயிலை நிரூபிக்க, உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 67-ஆவது பிரிவாக இருக்கிறது. நான் நடத்திய ஒரு வழக்கில், பதிவு அலுவலக வாசலில் அன்றைக்குக் கிடைத்த இருவரைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் இறந்திருந்தார். மற்றவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெண் குழந்தைகளுக்காக ஒரு தகப்பன் யோசித்து யோசித்து எழுதிய உயில் அது. அதைக் காப்பாற்றப் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. உங்களைவிட இளையவர்களாக, உங்களை நன்கு அறிந்தவர்களாக, ஊரை விட்டுப் போகாதவர்களாக இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால் உங்கள் மனத்தெளிவுக்கும் அவரே சாட்சி. பயன்பெறுபவர்களையும் அவர்களுடைய கணவன் மனைவியரையும் சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவ வாசகர்களுக்கு இது இன்னும் முக்கியம்: பயன்பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியானால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும், திருமணத்துக்கு முன் எழுதிய உயிலும் திருமணத்தோடு ரத்தாகும். இஸ்லாமியர்களுக்கு விதிகள் வேறு. கடன் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயில் செல்லாது.

பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் நிலையில் செய்துவிடுவது நல்லது. மூலம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்களே நேரில் போய்ப் பதிந்தீர்கள் என்பதும் பதிவாகும். உயிலைச் சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ எங்கு எழுதிக் கையெழுத்திடுகிறீர்களோ அங்கேயே பதியலாம். சொத்து இருக்கும் இடம் பொருட்டல்ல. வீட்டில் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் வேண்டாம். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதியப்படுவதால் வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிருடன் இருக்கும்வரை நகலும் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தரமாட்டார்கள். பதிவு செய்த பிறகும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே, பதியப்படாததாக இருந்தாலும், நிற்கும். உங்கள் சொத்துகள் இருக்கும் இடங்களில் புரொபேட் (உயிலுக்கு நீதிமன்றம் தரும் அத்தாட்சி) கட்டாயமில்லை. உயிலில் மகளை நிறைவேற்றாளராகப் போடலாம். உடுமலைப்பேட்டை தோப்புக்கும் பக்கம். இனி வாங்கப்போவதும் மறந்துபோனதும் யாருக்கு என்று ஒரு வரியும், மனைவி உங்களுக்கு முன்பே காலமானால் அவர் பங்கு யாருக்கு என்று ஒரு வரியும் அவசியம் இருக்கட்டும். மூலத்தை உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள்; அதைத் திறப்பதற்கே வாரிசுகள் அலைய வேண்டியிருக்கும்.

நாமினி பற்றி: வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றவரே தவிர அதன் உடைமையாளர் அல்லர், அது உயில்படியோ வாரிசுரிமைப்படியோதான் பிரியும். ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோரையோ துணைவரையோ பிள்ளைகளையோ நியமித்தால் அவர்களே பயன்பெறுவார்கள் என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கென்று நினைக்கும் பணத்தை உயிலில் கணக்கு எண்ணோடு எழுதுங்கள். நாமினியாகவும் அவரையே போடுங்கள்.

உயிலை எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, முதலில் கோவைக்குப் போய்த் தங்கையிடம் 1996-ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். அதற்குள் அம்மாவை மருத்துவரிடம் காட்டி, அவர் சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று தேதியிட்ட சான்று ஒன்றை வாங்கி வையுங்கள். பாகப் பத்திரம் சரியாகும்வரை, வீட்டையும் டெபாசிட்டையும் தோப்பில் "எனக்குள்ள பங்கு எதுவோ அதையும்" சேர்த்து ஒரு உயிலை இந்த மாதமே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். தோப்பு தெளிவான பிறகு அதை மாற்றி எழுதிப் பதிந்துகொள்ளலாம்.